கூச்சினோச் சிறையும் வர்ஜீனியாச் சர்வகலாசாலையும்

ருஷியாவில் யூரல் மலைகளின் மேற்குச் சாரலில், பெர்ம் நகரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில், கூச்சினோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1946-ம் வருஷத்தில் ஸ்டாலின் சர்க்கார் அங்கே ஒரு கட்டாய உழைப்பு முகாமை அமைத்தது. கைதிகளுக்கு இட்ட வேலை, உறைபனியில் மரம் வெட்டுவது. ஸ்டாலின் மறைந்த பிறகும் முகாம் மறையவில்லை. 1972-ல் அது அரசியல் கைதிகளுக்கென ஒதுக்கப்பட்டது. பெர்ம்-36 என்பது அதன் பெயர். தனிக் கடுங்காவல் பகுதியில் இருந்தவர்கள் இரவும் பகலும் அறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள். தினம் ஒரு மணி நேரம் உலாவ அவர்களுக்குக் கிடைத்தது நாற்புறமும் அடைத்த ஒரு சிறு கூடு. அதன் தலைக்கு மேலும் முள்கம்பி. உக்ரேனியக் கவி வசில் ஸ்டூஸ் 1985 செப்டம்பர் 4-ந் தேதி அங்கேதான் உயிர் நீத்தார்.

‘குலாக்’ என்ற சொல் முகாம்களின் தலைமை நிர்வாகம் என்பதன் ருஷியச் சுருக்கம். 1930 முதல் 1953 வரை சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் இம்முகாம்களுக்குள் போய் வந்தார்கள் என்று சரித்திராசிரியர்கள் கணக்கிடுகின்றனர். போய் வந்தவர்கள் என்று சொல்லிவிட்டோம். பல லட்சம் பேர் வரவேயில்லை. அந்த முகாம்களில் பெரும்பாலானவை மரத்தால் கட்டியவை. அவை மழையிலும் பனியிலும் மக்கி மண்ணோடு மண்ணாகிவிட்டன. கூச்சினோ மாத்திரம் 1980-களின் கடைசிவரை உபயோகத்தில் இருந்தபடியால், அதன் பழைய கட்டடங்கள் பிழைத்தன.

அவற்றைக் காப்பாற்றியவர்கள் விக்டர் ஷ்மிரோவ் என்ற சரித்திராசிரியரும் தத்யானா கூர்சினா அம்மையாரும் அவர்களுடைய தோழர்களும் ஆவர். 1990-களின் மத்தியில் அங்கே ஒரு பொருட்காட்சிசாலையை நிறுவினார்கள். பணமோ இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? முகாமின் மர அறுவை ஆலையை மறுபடி ஓட்டி, அறுத்த மரத்தை விற்று, அந்த வருமானத்தில் கூரைகளையும் சுவர்களையும் செப்பனிட்டார்கள்! கைதிகளின் வியர்வையைக் குடித்த ஆலை அவர்கள் நினைவுக்கு வாடகை கொடுத்தது. பின்னாளில் ஆண்டுதோறும் அங்கே நடத்திய பொது விழாவுக்கும் ‘பிலோராமா’, அதாவது மர அறுவை ஆலை, என்றே பெயரிட்டார்கள்.

இந்தப் பொருட்காட்சிசாலை அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்து ஜார்ஜ் மேசன் சர்வகலாசாலையோடு கைகோத்தது. சரித்திரத்தைக் கணினியின் வழியே பொது ஜனங்களிடம் கொண்டு செல்வதற்கென்று ராய் ரோசன்ஸ்வைக் என்ற பேராசிரியர் 1994-ல் அங்கே ஒரு நிலையம் தொடங்கியிருந்தார். அந்நிலையமும் கூச்சினோக்காரர்களும், மாஸ்கோவிலிருந்த ‘மெமோரியல்’ சங்கத்தாரும் சேர்ந்து இணையத்தில் அமைத்த சரித்திரக் காட்சிக்கு ‘குலாக்: பல நாட்கள், பல வாழ்க்கைகள்’ என்பது தலைப்பு. சோல்ஷெனிட்சின் 1962-ல் வெளியிட்ட ‘இவான் தெனீசொவிச்சின் வாழ்க்கையில் ஒரு நாள்’ என்ற நவீனத்தை அறிந்தவர்களுக்கு இந்தத் தலைப்பின் குறிப்பு விளங்கும்.

வேலைப் பங்கீடு நியாயமாகவே இருந்தது. ருஷியர் தரப்பில் பொருளும் நினைவும்: ஆவணங்கள், போட்டோக்கள், கைதிகள் வரைந்த சித்திரங்கள், பிழைத்தவர்களின் வாக்குமூலங்கள். சர்வகலாசாலைத் தரப்பில் ஆராய்ச்சியும் தொழில் நுட்பமும். கைது, உழைப்பு, துன்பம், உயிர் தரித்தல் என்று பகுதி பகுதியாக அமைத்து, காவலர்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கினார்கள். இதை நாம் விசேஷமாகப் பாராட்டுகிறோம். கொடுமை செய்தவன் எப்படிப்பட்ட மனிதன் என்று கேட்காத சரித்திரம் பாதிச் சரித்திரமே. பள்ளி ஆசிரியர்களுக்கென்று பாடத் தொகுப்பும் உண்டு. பாட புஸ்தகத்தில் இரண்டு வரியாக வரும் சங்கதியை ஒரு கைதியின் முகத்தோடு மாணவனுக்குக் காட்டுவது என்ன பெரிய சௌகரியம் என்பதை வகுப்பறையில் சுண்ணாம்புக் கட்டி பிடித்த நாம் நன்கு அறிவோம்.

பிறகு காற்றுத் திசை மாறியது. 2012-க்குப் பின் பிலோராமா விழா நடக்கவில்லை. 2014-ல் பிராந்திய சர்க்கார் பொருட்காட்சிசாலையைத் தன் கைவசப்படுத்தியது. கூர்சினா அம்மையார் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அன்னியப் பணம், அன்னியத் தொடர்பு என்று தொலைக்காட்சியில் குற்றப் பத்திரிகை வாசித்தார்கள். 2015-ல் அதை நிறுவிய ஸ்தாபனம் ‘அன்னிய ஏஜெண்டு’ என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2021 டிசம்பர் 28-ல் மெமோரியல் சங்கத்தைக் கலைக்கும்படி ருஷிய உச்ச நீதி மன்றம் தீர்ப்பளித்தது. மறு வருஷமே சமாதானத்துக்கான நோபல் பரிசில் அச்சங்கத்துக்கும் ஒரு பங்கு கிடைத்தது. 2024 நவம்பரில் மாஸ்கோவிலிருந்த குலாக் சரித்திரப் பொருட்காட்சிசாலையின் கதவும் அடைபட்டது. தீ விபத்துக்கான பாதுகாப்பு போதவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

அன்னியருடன் சேர்ந்து சொந்த வீட்டுப் புண்ணைக் காட்டலாமா என்ற கேள்வியை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டோம். தேச பக்தர்களே அதைக் கேட்பதுண்டு. அன்னியன் நம்மைப் பூட்டிய சிறையை நினைவுச் சின்னமாக்குவது எளிது. அந்தமான் செல்லுலார் சிறையை 1979-ல் தேசிய நினைவுச் சின்னமாக்கியபோது யாருக்கும் மனம் கூசவில்லை. நம்மவரே நம்மவரைப் பூட்டிய சிறையைக் காட்டுவதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். கூச்சினோவில் அந்த நெஞ்சுரத்தைக் காட்டியவர்கள் ருஷியர்களே. அறுவை ஆலையை ஓட்டிய கைகளும் ருஷியக் கைகளே. அமெரிக்கர் வந்து அவர்களுக்குச் சரித்திரம் கற்பிக்கவில்லை. அவர்கள் திரட்டியதைப் பிரதி செய்து பத்திரப்படுத்தினார்கள். நிலப் பத்திரத்தின் நகலொன்றை வெளியூர்ச் சம்பந்தி வீட்டில் கொடுத்து வைப்பவனை யாரும் குடும்பத் துரோகி என்று சொல்வதில்லை. மூலத்துக்கு ஆபத்து நேரும் காலத்தில் அந்த நகலின் அருமை தெரிகிறது. கூச்சினோவில் நிர்வாகம் கைமாறிய பிறகும், அதை நிறுவியவர்கள் சொன்ன கதை வர்ஜீனியாவில் அவர்கள் சொன்னபடியே நின்றது.

ஆனால் நகலுக்கும் ஆயுள் பயம் உண்டு. ‘ஃப்ளாஷ்’ என்ற கணினி முறைக்கு 2020 முடிவோடு ஆதரவு நின்றபோது, அதை நம்பி அமைத்த எத்தனையோ இணையக் காட்சிகள் திரையில் வெற்றுச் சதுரங்களாகிவிட்டன. அவற்றைப் பூட்டச் சர்க்கார் உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை. காட்சி திறக்கும் நாளில் மாலையும் பிரசங்கமும் தடபுடலாக நடக்கின்றன. பத்து வருஷம் கழித்து அதைப் புதுப்பிக்க ஒரு குமாஸ்தாவின் சம்பளம் கேட்டால் தர்மகர்த்தாக்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பொருட்காட்சிசாலையும் சர்வகலாசாலையும் ஒப்பந்தம் எழுதும்போது, இந்தச் சம்பளத்தை யார் எத்தனை காலம் கொடுப்பது என்பதையும் முதல் ஏட்டிலேயே எழுதிக் கொள்ள வேண்டும்.

கூச்சினோவின் மரக் கட்டடங்கள் இடிக்கப்படவில்லை. இப்போது அது சர்க்கார் பொருட்காட்சிசாலை. பலகைப் படுக்கையும் முள்கம்பி வேய்ந்த கூடும் அங்கே இருக்கின்றன. அவற்றின் முன் நின்று வருகிறவர்களுக்கு என்ன கதை சொல்வது என்பதில்தான் பழைய நிர்வாகிகளுக்கும் புதியவர்களுக்கும் வழக்கு.