உள்ளத்தை அளக்கும் கோல் எது?

உளவியல் ஆய்வில் இறங்குவோருள் பலர் முதலில் ஒரு வினாநிரலைத் தேடிக்கொள்கின்றனர். பின்னரே அதற்கேற்ற ஆய்வுப்பொருளைத் தேடுகின்றனர். இது முழக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, அளப்பதற்குத் துணி தேடுவது போன்றது. ஆய்வு வினாவும் ஆராயப்படும் மக்களுமே முறையைத் தீர்மானித்தல் வேண்டும் என்பது என் துணிபு. இதற்குச் சான்றாகப் பழனி மலையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளிலும் வாழும் பளியரைக் காட்டலாம்.

காட்டுக்கிழங்கும் தேனும் தேடி வாழ்ந்த இப்பழங்குடியினரிடையே அமெரிக்க மானிடவியலார் பீட்டர் கார்ட்னர் 1962 முதல் 1964 வரை தங்கி ஆராய்ந்தார். 1978-இலும் மீண்டும் வந்தார். பளியர் மிகக் குறைவாகவே பேசுவர், போட்டியைத் தவிர்ப்பர், பூசல் எழுந்தால் எதிர்த்து நில்லாது விலகிச் செல்வர், அவரவர் அறிவு பெரும்பாலும் அவரவர் பட்டறிவிலிருந்தே பிறக்கும் என அவர் 1966-இல் எழுதினார்.

இத்தகையோரிடம் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பது முதலான ஐந்து கட்டங்களை நீட்டினால் என்ன நிகழும்? மௌனம் அறியாமையாகக் கணக்கிடப்படும். ஒரே செடி குறித்து இருவர் இருவேறு விடை தந்தால், அவை பிழை எனத் தள்ளப்படும். போட்டியில் முந்த விரும்பாத சிறுவன் ஊக்கமற்றவன் எனக் குறிக்கப்படுவான். அவ்வொரு சொல் பள்ளிப் பதிவேட்டில் ஏறிவிட்டால், அவன் வாழ்வையே தொடரும். முறையின் பிழைக்கு ஆய்வாளர் விலை கொடுப்பதில்லை, ஆராயப்பட்டவரே கொடுக்கின்றனர்.

இஃது இம்மலைக்கு மட்டும் உரிய சிக்கலன்று. முன்னணி உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் பங்கேற்றோருள் 96 விழுக்காட்டினர், உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடே கொண்ட மேலை நாடுகளைச் சார்ந்தவர் என 2008-இல் ஆர்னெட் சுட்டிக்காட்டினார். அம்மக்களிடம் உருவான அளவுகோலை மொழிபெயர்த்துவிட்டால் மட்டும் அது நமக்குப் பொருந்திவிடாது.

அதனால் எண்களை வெறுக்க வேண்டும் என்பதன்று. எத்துணைப் பேர் என்பது வினாவாயின் கணக்கெடுப்பு வேண்டும். காரணம் எது என்பது வினாவாயின் சோதனை முறை வேண்டும். ஒரு செயலுக்கு அம்மக்கள் கொள்ளும் பொருள் யாது என்பது வினாவாயின் உடனிருந்து உற்றுநோக்கல் வேண்டும். உற்றுநோக்கலிலும் நோக்குவோரின் விருப்பு வெறுப்பு புகும். ஆகவே இருவர் தனித்தனியே பதிந்து ஒப்பிடுதல் நலம். எம்முறையாயினும் நம்பகமும் ஏற்புடைமையும் ஆராயப்பட வேண்டும். பழுதுற்ற தராசு நாள்தோறும் ஒரே தவறான எடையைக் காட்டலாம். அதில் நம்பகம் உண்டு, ஏற்புடைமை இல்லை.

இசைவு பெறுதல் மற்றொரு கடமை. பழங்குடியினர் சிறப்புப் பாதுகாப்புக்குரியவர் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. 'மௌனம் சம்மதம்' என்பது நம் வழக்கு. மறுத்துரையாது விலகிச் செல்லும் மக்களிடத்தில் மௌனம் மறுப்பாகவும் இருக்கலாம்.

மாந்தர் உணர்வாகிய உரிப்பொருளை, நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளோடும், அந்நிலத்துக் கருப்பொருளோடும் இணைத்தே காணக் கற்பித்தது தொல்காப்பியம். அந்நூலைப் பயிலும் நம் மாணவர், நிலத்தை மறந்து உள்ளத்தை மட்டும் அளக்க முற்படலாகாது. வினாத்தாளோடு மலையேறும் முன், அங்கு வாழ்வோர் எவ்வாறு பேசுவர், எப்போது பேசாதிருப்பர் என்பதை அறிந்து செல்வோமாக.