மூணு பாணியா, மூணு சாதியா?

மதுபனி ஓவியம் பற்றி எழுத உட்காருகிறவர்கள் ஒரு வாய்ப்பாட்டை ஒப்பிக்கிறார்கள். வண்ணம் நிரப்பினால் பர்னி, மெல்லிய கோடாக இழுத்தால் கச்னி, பச்சை குத்துகிற மாதிரி போட்டால் கோத்னா. தையல் கடையில் மூணு தினுசுச் சட்டை தொங்குகிற மாதிரி! பர்னி பார்ப்பனப் பெண்களுடையது, கச்னி காயஸ்தப் பெண்களுடையது, கோத்னா தீண்டப்படாத துசாத் பெண்களின் தோலிலிருந்து வந்தது என்று சொல்ல மட்டும் வாய் வராது.

1934 பூகம்பத்தில் இடிந்த வீடுகளில் இந்தச் சுவர்களைப் பார்த்தார் ஆங்கில அதிகாரி ஆர்ச்சர். 1949இல் 'மார்க்' இதழில் மைதிலி ஓவியம் என்று அவர் எழுதியது பார்ப்பன, காயஸ்தச் சுவர்களைத்தான். 1960களின் பஞ்சத்தில் கைவினை வாரியம் காகிதம் கொடுத்தபோதும் முதலில் பேர் வாங்கியது அந்த இரண்டு வீட்டார்தான். (அதில் சீதா தேவி மகாபாத்திரர், சாவுச் சடங்கு செய்வதால் பார்ப்பனர்களே தள்ளி வைத்த கூட்டம். அதையும் சொல்லணும்.)

ஜித்வார்பூர் துசாத் பெண்கள் காகிதத்தை எடுத்தது 1970களில். சானோ தேவி உடம்புப் பச்சையையே கோடாக்கினார். சமார் சாதி ஜமுனா தேவி சாணிக் கரைசலைக் காகிதத்தில் பூசி அதன்மேல் வரைந்தார். சாணி அள்ளுகிற கைக்குத்தானே அதன் நிறம் தெரியும்! பிறகு மற்றவர்களும் சாணிக் காகிதத்துக்கு வந்தார்கள். துசாத் பெண்கள் வரைந்தது தங்கள் சாமி ராஜா சல்ஹேஸை. யானைமேல் அவர், குதிரைமேல் தம்பி மோதிராம். எந்தப் புராணத்திலும் இடம் கேட்டு நிற்காமல், பாட்டிலும் கூத்திலும் உயிரோடு இருந்தவர் அவர். இதற்குப் பெயர் 'பாணி'யா? ஒரு சனம் தன் வரலாற்றை எழுதியிருக்கிறது ஐயா!

2024இல் சாந்தி தேவி, சிவன் பாஸ்வான் தம்பதிக்குப் பத்மஸ்ரீ. சந்தோஷம்தான். 2021இல் அதை வாங்கிய துலாரி தேவி மீனவச் சாதி. பேர்பெற்ற ஓவியர் வீட்டில் கூட்டிப் பெருக்கிய இடத்தில் தொழில் பழகியவர். 2025 பட்ஜெட் நாளில் நிதியமைச்சர் கட்டிவந்தது அவர் கைப்பட்ட புடவை. பத்திரிகைகள் 'எளிய தொடக்கம்' என்று உருகின. எளிமையாம்! யார் வீட்டை யார் கூட்டுவது என்று எவன் தீர்மானிச்சான்? கூட்டுகிறவளைத் தூரிகை பிடிக்கவிட்ட பெருந்தன்மையைப் பேசுகிறவர்கள், அவள் கையில் முதலில் விளக்குமாறு எப்படி வந்தது என்று கேட்பதில்லை.

அடுத்த கண்காட்சிக்கு அட்டை எழுதுகிறவர்கள் 'கோத்னா பாணி' என்று முடித்துக்கொள்ள வேண்டாம். துசாத் என்று எழுதுங்கள். சல்ஹேஸ் என்று எழுதுங்கள்.