பனிக்குட நீர்ப் பரிசோதனைக்குப் பின் படுக்கையே கதியா?

பரிசோதனை முடிந்து பத்து நாள்கள் கட்டிலை விட்டு இறங்காமலேயே இருந்துவிட்டு, மறு ஆலோசனைக்கு வந்தார் ஒரு கர்ப்பிணி. குளியலறைக்குச் செல்லவும் மாமியாரின் துணை. "அசைந்தால் கரு கலைந்துவிடும் என்றார்கள், டாக்டர்" என்றார். நாங்கள் அவ்வாறு கூறவில்லை. ஆயினும், 'அவ்வாறு இல்லை' என்று வீட்டாருக்கு அழுத்திச் சொல்லவும் தவறியிருக்கிறோம்.

அம்னியோசென்டெசிஸ் எனப்படும் இப்பரிசோதனை, கர்ப்பத்தின் 15 வாரங்கள் நிறைந்த பின்னரே செய்யப்படுகிறது. ஸ்கேன் திரையில் குழந்தையையும் ஊசிமுனையையும் பார்த்தபடியே ஏறத்தாழ 15 முதல் 20 மில்லி நீர் எடுக்கப்படும். அந்நீர் விரைவிலேயே மீண்டும் ஊறிவிடும். மாதவிடாய் வலி போன்ற இலேசான வலி ஓரிரு நாள்கள் இருக்கலாம். அன்று ஓய்வு எடுங்கள். ஓரிரு நாள்கள் பாரம் தூக்குவதையும் தாம்பத்திய உறவையும் தவிருங்கள். அது போதும். அதற்கு மேலும் படுத்தே கிடப்பதால் கருச்சிதைவு தடுக்கப்படுவதில்லை. மாறாக, காலில் இரத்தம் உறையும் ஆபத்தே கூடுகிறது.

ஆபத்தே இல்லையா எனில், உண்டு. அனுபவமுள்ளவர் செய்யும்போது, இப்பரிசோதனையால் கூடுதலாக நேரும் கருச்சிதைவு 200 பேரில் ஒருவருக்கும் குறைவு. இரட்டைக் கருவில் சற்று அதிகம். ஆகவே அச்சப்படுவதைக் காட்டிலும் கவனித்திருப்பதே பயன் தரும். பிறப்புறுப்பிலிருந்து நீர் கசிதல், இரத்தப்போக்கு, குளிர்காய்ச்சல், நேரம் செல்லச் செல்லக் கூடும் வயிற்று வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும், நள்ளிரவானாலும் உடனே வாருங்கள். கசிவது சிறுநீராக இருக்கும் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். இரத்த வகை நெகட்டிவ் எனில் 72 மணி நேரத்திற்குள் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். இரத்த வகைச் சீட்டை மறவாமல் கொண்டு வாருங்கள்.

என்னை வருத்துவது வேறொன்று. அரிதாகக் கரு கலையும்போது, "மாடிப்படி ஏறினாயா? துணி துவைத்தாயா?" என்ற விசாரணை வீட்டில் தொடங்கிவிடுகிறது. படிக்கட்டு காரணமன்று. இழப்பின் துயரோடு பழியையும் அப்பெண் சுமப்பது அநீதி என்றே கருதுகிறேன். இவ்வாறு கேட்போர் பெரும்பாலும் எங்கள் ஆலோசனை அறைக்குள் வராதவர்கள்.

ஆகவே, அடுத்த முறை கணவரோடு, வீட்டில் உங்களைக் கவனித்துக்கொள்ளும் அம்மாவையோ மாமியாரையோ உடன் அழைத்து வாருங்கள். அவர்களிடமும் நானே பேசுகிறேன்.