விரலுக்குத் தக்க வீக்கம்

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டு முன்விறாந்தையில் அமர்ந்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து என் தமக்கையின் மகன் வந்து சேர்ந்தான். வழக்கமாக "மாமி, தேத்தண்ணி!" என்று கூவியபடி நேரே அடுக்களைக்குச் செல்பவன், அன்று என் எதிரில் கைகட்டி நின்றான். இளைஞரின் பணிவுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கையொப்பம் காத்திருக்கும் என்பதை என் ஆசிரியத் தொழில் எனக்குக் கற்பித்திருக்கிறது.

என் ஊகம் பிழைக்கவில்லை. புறக்கோட்டையில் கணக்கெழுதும் உத்தியோகம் கிடைத்து ஆறு மாதமாகிறது. ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க விரும்புகிறான். லீசிங் கம்பனிக்குப் பிணையாளர் வேண்டும். முற்பணத்துக்கு என் தமக்கை தன் காப்புச் சோடியை அடகு வைப்பதென்றும் பேச்சு. அவன் காட்டிய படத்தில் 200 கன சென்ரிமீற்றர் இயந்திரமுள்ள வண்டியொன்று, பாய்வதற்குப் பதுங்கும் புலிபோல நின்றது.

"ஓட்டிப் பழகியிருக்கிறாயா, தம்பி?"

"லைசன்ஸ் எடுத்தாயிற்று, மாமா. கூட்டாளியுடைய வண்டியை ஜம்பட்டா வீதியில் இரண்டு தரம் ஓட்டினேன். நீங்கள் கையொப்பம் வைத்தால் தனக்கும் சம்மதமென்று அம்மா சொல்லிவிட்டா."

கணவனை இழந்து, ஒரே மகனை வளர்த்தெடுத்த என் தமக்கை, தன் அச்சம் முழுவதையும் என் பேனா முனையில் வைத்துவிட்டாள். மறுப்பது எளிது. ஆனால் காலையும் மாலையும் பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிச் செல்லும் பிள்ளைக்கு, வண்டியே வேண்டாமென்று நான் எந்த நியாயத்தைக் கொண்டு சொல்வது? வண்டி வேண்டுமா என்பதன்று கேள்வி; முதல் வண்டி எது என்பதே கேள்வி.

நம் நாட்டுச் சட்டம் இவ்விடயத்தில் தாராளமானது. 100 கன சென்ரிமீற்றருக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு ஏ1 என்றும், அதற்கு மேற்பட்டதற்கு ஏ என்றும் சாரதி அனுமதிப்பத்திரத்தில் இரு வகுப்புகள் உண்டு. ஏ வகுப்பில் தேறிய பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அதற்குமேல் எல்லைக்கோடு இல்லை. பிரித்தானியாவிலோ பதினேழு வயதில் 125 கன சென்ரிமீற்றர், பத்தொன்பதில் அதனினும் வலிய இடைத்தரம், பின்னர் மேலும் பரீட்சை, வயது என்று படிப்படியாகவே ஏற்றிவிடுகின்றனர். இங்கே சட்டம் வைக்காத படிகளை வீட்டிலுள்ளவர்களே வைத்தல் வேண்டும்.

படிகள் எதற்கு என்று கேட்பீர்களாயின், 1981இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேர்ட் என்பவரும் அவர் குழுவினரும், லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்தனர். விபத்துக்குள்ளானோரில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதமும் ஆகாதவர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் தாமாகவோ, உறவினர் நண்பரிடமோ பழகிக்கொண்டவர்கள். முறையாகக் கற்றவர்கள் அல்லர். விபத்துக்குச் சற்று முன் அவர்கள் சென்ற வேகத்தின் நடுமதிப்பும் மணிக்கு 48 கிலோமீற்றர் அளவே. பேய்வேகம் மட்டுமன்று, வண்டியோடு பழக்கமின்மையும் மனிதனை வீழ்த்துகிறது என்பது இதனாற் பெறப்படும்.

இதற்குச் சான்று தேடி அமெரிக்கா வரை போக வேண்டியதுமில்லை. என் இடது கணுக்காலில் ஒரு தழும்பு உண்டு. இருபத்துமூன்றாம் வயதில், நண்பரொருவரின் கனத்த வண்டியை இரவல் வாங்கி, மழை ஓய்ந்த ஒரு மாலையில் கடற்பக்கத்து ஒழுங்கையொன்றில் திரும்பினேன். நடைவேகந்தான். குறுக்கே வந்த நாயைக் கண்டு, கைபிடி திரும்பியிருந்த நிலையிலேயே முன் பிறேக்கை இறுகப் பற்றினேன். வண்டி சரிந்து என் காலின்மேல் விழுந்தது. அதனைத் தூக்க இருவர் வர வேண்டியதாயிற்று. துவிச்சக்கர வண்டியிலிருந்து விழுந்ததாக வீட்டில் சொன்னேன். என் தாயார் கண்மூடும்வரை அப்படியே நம்பியிருந்தார். அன்று மாலை மருமகனிடம் காற்சட்டையைச் சற்றே உயர்த்தி, அந்தப் பொய்யை முதன்முறையாக ஒப்புக்கொண்டேன். அவன் படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

பின்னர் இருவரும் தாளும் பேனாவுமாக அமர்ந்து சில விதிகளை வகுத்தோம். வாசகர்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே தருகிறேன்.

முதலாவது, உடலுக்கு இசைவு. இருக்கையில் அமர்ந்தால் இரு பாதங்களும் நிலத்தில் நன்கு பதிய வேண்டும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வண்டியைப் பத்தடி பின்னோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். அதற்கே மூச்சு வாங்குமாயின், துறைமுகத்துக் கொள்கலன் லொறிகளுக்கு நடுவே கொட்டாஞ்சேனைச் சந்தியில் அந்த வண்டி உங்களுக்கு அடங்காது.

இரண்டாவது, பிறேக். வேகம் இரு மடங்கானால், பிறேக் பிடித்தபின் நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். பிறேக் பிடிக்கையில் பாரம் முன்சில்லின்மேல் சாய்வதால், நிறுத்தும் வேலையிற் பெரும்பகுதி முன் பிறேக்கினுடையது. அதனை அஞ்சி ஒதுக்குவதும் தவறு, என்னைப்போல் வெடுக்கெனப் பற்றுவதும் தவறு. சில்லு இறுகிப்போகாமற் காக்கும் ஏபிஎஸ் அமைப்பு இருந்தால் நன்று. இந்தியாவில் 125 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயமாயிற்று. பழைய வண்டி வாங்குவோர் கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது, செலவு. 2022இன் எரிபொருள் நெருக்கடியில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று தொடக்கத்தில் அளந்து கொடுத்ததை நாம் மறக்கவில்லை. லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு அது 200 கிலோமீற்றர். 30 ஓடுவதற்கு 120 மட்டுமே.

நான்காவது, பழைய வண்டியாயின் பரிசோதனை. இயந்திரம் குளிர்ந்திருக்கும் காலை வேளையிலேயே சென்று பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் கிளம்பாத குறை மறைந்துவிடும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறதென்று பொருள். செஸி இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடற்காற்று வீசும் எங்கள் பகுதியில் நின்ற வண்டியெனில், சங்கிலியையும் அடிப்பாகத்தையும் துருவுக்காகக் குனிந்து பார்த்தல் அவசியம்.

இறுதியாகத் தலைக்கவசம். இது வண்டி வாங்கி மிஞ்சிய பணத்தில் வாங்கும் பொருளன்று. முதலில் வாங்க வேண்டிய பொருள். அது இறக்கும் அபாயத்தை நூற்றுக்கு 42 அளவும், தலைக்காயத்தை 69 அளவும் குறைக்கிறதென ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் முத்திரையும், நாடியில் இறுகும் பட்டியும் இருத்தல் வேண்டும்.

வாகன இறக்குமதி 2020 முதல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தடைப்பட்டிருந்தமையால், நல்ல பழைய வண்டி மலிவாகக் கிடைக்கவில்லை. ஆறு ஞாயிறுகள் அலைந்தோம். முடிவில் 110 கன சென்ரிமீற்றர் வண்டியொன்று அமைந்தது. காப்புச் சோடி அடகுக் கடைக்குப் போகவில்லை. சிறு தொகைக்கான பத்திரத்தில் மனநிறைவோடு கையொப்பமிட்டேன்.

சென்ற ஞாயிறு அதிகாலை, காலிமுகத்திடலைக் கடந்து மரைன் டிரைவ் வழியாக அவன் தனியே எங்கள் வீட்டுக்கு ஓட்டி வந்தான். அவன் தலைக்கவசத்தைக் கழற்றுமுன்னரே தொலைபேசி ஒலித்தது.

"வந்திட்டானோ, தம்பி?" என்று கேட்டாள் அக்கா.

"வந்திட்டான், அக்கா."

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், "மெதுவாத்தான் வந்தவனாமோ?" என்றாள்.

வண்டி விற்பவர் வேகத்தைப் பற்றிச் சொல்வார். கூட்டாளிகள் அழகைப் பற்றிச் சொல்வார்கள். பிள்ளை திரும்பி வரும்வரை வாசலிற் காத்திருப்பவளின் கேள்வி இது ஒன்றே. முதல் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் இளைஞர் அதற்கு விடை சொல்லத்தக்க வண்டியைத் தேர்ந்தெடுப்பாராக.