துவக்கு இருக்கும் வீடு

கனடாவில் வாழும் அன்பர் ஒருவர் எனக்கு மடல் எழுதியிருக்கிறார். அவருடைய பெற்றோர் மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலயில் தனியே வசிக்கின்றனர். மிளகும் தென்னையும் நிற்கும் சிறு தோட்டம். பகலில் குரங்குத் தொல்லை. இரவில் திருடர் பயம். "அப்பாவுக்கு ஒரு துவக்கு எடுத்துக் கொடுக்க யோசிக்கிறேன். 83 இல் எங்கள் கையில் ஆளுக்கொரு துவக்கு இருந்திருந்தால் எவனாவது வாசலை மிதித்திருப்பானா? நீங்கள் என்ன சொல்கிறீர்கள், ஐயா?" என்று கேட்கிறார்.

வேண்டாம் என்பதே என் பதில். ஆயினும் ஒற்றைச் சொல்லில் தட்டிவிடக்கூடிய கேள்வியன்று இது. 1977 இலும் 1983 இலும் அடிபட்டு ஓடியவர்களின் பிள்ளைகள் இப்படிக் கேட்காமல் வேறு எப்படிக் கேட்பார்கள்?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மாத்தளை விவசாயிக்குத் துவக்கு புதிய பொருள் அன்று. 1848 இல் ஆளுநர் டொரிங்டனின் ஆட்சி விதித்த வரிகளில் துவக்கு வரியும் ஒன்று. ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். நாய்க்கும் வரி, கடைக்கும் வரி. அவ்வாண்டு யூலையில் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு அந்த வரிகள் முக்கிய காரணம். துவக்கு இங்கே பயிர் காக்கும் கருவியாக இருந்தது, இன்றும் இருக்கிறது. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி உரிமம் பெற்று, ஆண்டுதோறும் புதுப்பித்து, பயிருக்காக அதை வைத்திருக்கும் விவசாயியோடு எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு, துவக்கு ஆளைக் காக்கும் என்ற நம்பிக்கையோடுதான்.

1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சியாளர் ஆயுதம் தேடி எங்கெல்லாம் சென்றார்கள்? உரிமம் பெற்ற துவக்குகள் இருந்த வீடுகளுக்கும். 1987 முதல் 1989 வரையும் அதுவே நடந்தது. இரவில் கதவைத் தட்டுவார்கள், துவக்கைக் கேட்பார்கள். கொடுத்தால் மறுநாள் பொலிசாரின் சந்தேகம். மறுத்தால் அன்றிரவே ஆபத்து. காவலுக்கென வாங்கிய பொருளுக்கு வீட்டுக்காரர் காவல் இருக்கவேண்டி வந்தது. துவக்கில்லாத அயலவனுக்கு அந்தத் தொல்லையாவது இல்லை.

ஊரே ஆயுதம் ஏந்தினால்? அதையும் பார்த்துவிட்டோம். எண்பதுகளின் நடுப்பகுதியில் எல்லைக் கிராமத்தவருக்கு ஊர்காவல் படை என்ற பெயரில் அரசு துவக்குகளைக் கொடுத்தது. 1992 ஏப்ரல் 29 அன்று, மாத்தளைக்கு அயல் மாவட்டமான பொலன்னறுவையின் அழிஞ்சிப்பொத்தானையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதைச் செய்தவர்கள் விடுதலைப் புலிகள். உடனே அயற்கிராமங்களான முத்துக்கல், கரப்பொல ஆகியவற்றுக்குள் ஊர்காவல் படையினர் புகுந்து தமிழரைக் கொன்றனர். தற்காப்புக்கெனக் கொடுத்த துவக்கு, தன் ஊரைக் காக்க முடியாமற்போய், குற்றமற்ற அடுத்த ஊரின் மீது திரும்பியது. இதில் எந்த இனத்தவரும் கைகழுவ முடியாது.

இனி 83. அன்று வந்தது தனித்த திருடன் அல்லன், கும்பல். பல இடங்களில் வாக்காளர் இடாப்போடு வந்தது. சீருடை அணிந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தமிழ்க் குடும்பத் தலைவர் சன்னல் வழியே சுட்டிருந்தால் கும்பல் கலைந்திருக்குமா, அல்லது "புலி சுடுகிறான்" என்று இராணுவமே வந்திருக்குமா? அன்று தப்பியவர்கள் எப்படித் தப்பினார்கள் என்று அவர்களையே கேளுங்கள். பக்கத்து வீட்டுச் சிங்களவர் கட்டிலுக்கடியில் ஒளித்தார், பின்கதவால் அனுப்பினார், "இங்கே தமிழர் இல்லை" என்று வாசலில் நின்று பொய் சொன்னார். அயலவரைப் பற்றி நான் கற்பனை வளர்க்கவில்லை. கும்பலிலும் அயலவர் இருந்தார்கள். ஆனாலும் உயிர் தப்பியவர்களிற் பலரைக் காத்தது அறிமுகம்.

திருடன் விடயத்துக்கு வருவோம். தற்காப்பு உரிமையைத் தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் வகுக்கின்றன. தேவைக்கு மேற்பட்ட தீங்கு விளைவிக்க அவ்வுரிமை இடந்தருவதில்லை. எழுபது கடந்த முதியவர், தூக்கக் கலக்கத்தில், மின்சாரம் போன இரவில், தோட்டத்தில் அசையும் நிழல் திருடனா, மாட்டைத் தேடி வந்த பக்கத்து வீட்டுப் பையனா என்று எப்படி அறிவார்? காட்டுப்பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்குக்கு இருட்டும் வேண்டாம், தடுமாற்றமும் வேண்டாம். சட்டவிரோதமான அந்தப் பொறி கம்பியில் தட்டுப்படும் காலைத்தான் அறியும், ஆளை அறியாது. விறகுக்குப் போனவரும் வயலுக்குப் போனவரும் அதற்கு இரையாகிறார்கள்.

அரசுக்கும் இந்த நம்பிக்கை தளர்ந்ததாகவே தெரிகிறது. தற்பாதுகாப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளைத் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு பணித்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் 600 பேருக்கு மேல் மாண்டனர். மாத்தளை மாவட்டமும் மண்சரிவிலும் வெள்ளத்திலும் தத்தளித்தது. அந்த இரவுகளில் எந்தத் துவக்கு யாரைக் காத்தது? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று படிகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது: மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேற்றம். அன்பரே, உங்கள் அப்பாவுக்கு இந்த மூன்று நிறங்களும் தெரியுமா? சிவப்பு வந்தால் எந்த வீட்டுக்கு, எந்த வழியாகப் போவதென்று பேசி வைத்திருக்கிறாரா?

துவக்குக்கு ஒதுக்கிய பணத்தில் இவற்றைச் செய்யுங்கள். வாசலுக்கும் பின்கட்டுக்கும் நல்ல விளக்கு. கதவுக்கு உறுதியான தாழ்ப்பாள். ஒரு கைவிளக்கு, மின்கலத்தில் இயங்கும் வானொலி, ஓர் ஊதுகுழல். அடையாள அட்டை, காணி உறுதி, மருந்துச் சீட்டு ஆகியவை நனையாத பையில், கைக்கெட்டும் இடத்தில். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, பொலிசாரின் 119, அம்புலன்சுக்கு 1990 ஆகிய எண்கள் சுவரில், பெரிய எழுத்தில். கிராம உத்தியோகத்தரின் எண்ணும் பக்கத்து வீடுகள் இரண்டின் எண்களும் உங்களிடமும் இருக்கட்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த இரண்டு வீடுகளுக்கும் போய் ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். அவர்கள் சிங்களவராயினும் சரி, முஸ்லிம்களாயினும் சரி. இரவில் உங்கள் அம்மா கூப்பிட்டால் கனடாவிலிருந்து நீங்கள் ஓடிவர முடியாது. ஓடிவரக்கூடியவர்கள் அவர்கள்தாம். அவர்கள் அச்சமின்றி உள்ளே வரவேண்டுமானால், அந்த வீட்டில் துவக்கு இருக்கக்கூடாது.