கடைமடையிலிருந்து கணக்கெடுங்கள்

மேட்டூர் அணையில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது, விநாடிக்கு எத்தனை கன அடி வருகிறது, எவ்வளவு திறந்துவிடப்படுகிறது என்பதெல்லாம் நாள்தோறும் செய்தியில் வந்துவிடுகிறது. அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பது டெல்டாவில் பலருக்கு மனப்பாடம். 2022-ல் மே 24 அன்றே அணை திறக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுவே முதல்முறை. 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தத் தேதிகளும் நினைவில் நிற்கின்றன. ஆனால், திறந்த தண்ணீர் தலைஞாயிறு பக்கத்துக் கடைமடை வாய்க்கால் ஒன்றுக்கு எந்தத் தேதியில் வந்து சேர்ந்தது, எத்தனை நாள் ஓடியது, எத்தனை ஏக்கருக்குப் பாய்ந்தது? இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த ஊருக்கே போய் விவசாயிகளிடம்தான் கேட்க வேண்டும். தலைப்பில் திறந்ததை எண்ணுகிறோம், கடைமடையில் சேர்ந்ததை எண்ணுவதில்லை. 2021 வரை பொதுப்பணித் துறையாக இருந்து, பிறகு நீர்வளத் துறை எனத் தனியாகப் பிரிந்திருக்கும் நம் பாசன நிர்வாகத்தின் பெரும்பாலான குறைகளுக்கு வேர் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. முடித்த வேலையைக் காட்டுவதற்கு அந்தத் துறையிடம் எல்லா ஏற்பாடுகளும் உள்ளன. செய்த சேவையை அளப்பதற்கு எதுவும் இல்லை.

ஆண்டுதோறும் நடக்கும் தூர்வாரும் பணியை எடுத்துக்கொள்வோம். 2021-ல் டெல்டா மாவட்டங்களில் சுமார் 4,061 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர்வார ஏறத்தாழ ரூ.65 கோடி ஒதுக்கப்பட்டது. கிலோமீட்டருக்குச் சராசரியாக ஒன்றரை லட்சம் ரூபாய்க்குச் சற்று அதிகம். தொகை சிறியதா பெரியதா என்பதைவிட, வேலை எப்போது நடக்கிறது என்பதே முக்கியம். அந்த ஆண்டு புதிய அரசு பொறுப்பேற்றது மே மாதத்தில். அணை திறந்தது ஜூன் 12-ல். இடைப்பட்ட சில வாரங்களுக்குள் எல்லாப் பணிகளும் நெருக்கியடித்து நடந்தன. தேர்தல் ஆண்டு என்று அதற்குக் காரணம் சொல்லலாம். தேர்தல் இல்லாத ஆண்டுகளிலும் வேலை ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோதான் சூடுபிடிக்கிறது. நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது, எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல், பிறகு டெண்டர், பிறகு பொக்லைன் எந்திரம். வாய்க்கால் வறண்டு கிடக்கும் பிப்ரவரியும் மார்ச்சும் கோப்புகளிலேயே கழிந்துவிடுகின்றன. கடைசி வாரத்தில் அள்ளிய மண் கரையிலேயே கொட்டப்பட்டு, முதல் மழையில் மறுபடி வாய்க்காலுக்குள் சரிகிறது. தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டால் எவ்வளவு மண் எடுத்தோம் என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது. அளவுப் புத்தகத்தில், துறையினர் ‘எம்-புக்’ என்று சொல்லும் அந்த ஏட்டில், கன மீட்டர் கணக்கு ஒழுங்காக இருக்கும். பில்லும் பட்டுவாடா ஆகிவிடும். வயலில் தண்ணீர் ஏறியதா என்பதற்கு அந்த ஏட்டில் ஒரு பத்திகூடக் கிடையாது.

டெல்டாவின் குறைதீர் கூட்டங்களில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஒரு வாசகம் உண்டு: “ஏ, பி வாய்க்கால் வெட்டியாச்சு; சி, டி வாய்க்காலை யார் வெட்டுவது?” ஆற்றிலிருந்து நேராகப் பிரிவது ஏ, அதிலிருந்து பிரிவது பி, இப்படியே இறங்கி வயலைத் தொடுவது சி, டி. பெரிய வாய்க்காலைத் தூர்வாரினால் நீளம் அதிகம் காட்டலாம், எந்திரம் இறங்க இடமுண்டு, பார்வையிட வருபவர்களுக்கும் கண்ணில் படும். சி, டி வாய்க்காலில் பொக்லைன் இறங்காது. ஆள் இறங்கி மண்வெட்டியால் கோரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் அகற்ற வேண்டும். அதனால் தண்ணீர் தொண்டை வரை வருகிறது, வயிற்றுக்குப் போவதில்லை. ஏரிகளின் கதையும் இதற்கு நெருக்கமானதே. தமிழகத்தில் 39,000-க்கும் அதிகமான ஏரிகள் இருக்கின்றன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை, ஏறத்தாழ 14,000, துறையின் கையில்; மற்றவை ஊராட்சி ஒன்றியங்களின் கையில். ஆனால், நம் ஏரிகள் சங்கிலித் தொடர்போல ஒன்றன் கலிங்கு வழியும் நீர் அடுத்ததற்குப் போகும்படி அமைந்தவை. மேல் ஏரி ஒன்றியத்துடையது, கீழ் ஏரி துறையுடையது என்றால் இடையில் உள்ள வரத்துக்கால்வாய் யாருடையது? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியபோது தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் குளங்கள் அடுத்தடுத்து உடைந்தன. அந்த மழையை எந்தக் கரையும் எளிதில் தாங்கியிருக்காது என்பது உண்மை. வெள்ளம் ஒரு குளத்திலிருந்து அடுத்ததற்குப் பாயும்போது அது எந்த அலுவலகத்தின் எல்லை என்று பார்த்துப் பாயவில்லை என்பதும் உண்மை.

ஒரு மதகை அருகில் போய்ப் பாருங்கள். கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சுவர் நூறு வருடத்துக்குப் பிறகும் உறுதியாக நிற்கும். ஷட்டரைத் தூக்கி இறக்கும் திருகுத்தண்டோ மரை தேய்ந்து, துருவேறி, பாதியில் நிற்கும். பலகையின் அடிவிளிம்பு அரித்த இடத்தில் சாக்கில் மண்ணைக் கட்டி அடைத்திருப்பார்கள். அளவுகோலின் எண்கள் அழிந்து எத்தனை அடி என்று தெரியாது. இவற்றைச் சரிசெய்யத் தேவைப்படுவது கொஞ்சம் கிரீஸ், ஒரு டப்பா பெயின்ட், ஆண்டுக்கு இரண்டு முறை வந்து பார்க்கும் ஒரு ஆள். அந்த ஆள்தான் லஸ்கர். எந்த மடையை எப்போது எத்தனை திருகு திறந்தால் எந்த வயலுக்கு ஏறும் என்பதை அறிந்தவர் அவர். இரவில் மழை வலுத்தால் கரையில் டார்ச் லைட்டோடு நடப்பவரும் அவர்தான். ஓய்வு பெற்றுப் போன லஸ்கர்களின் இடம் பல ஊர்களில் நிரப்பப்படாமலே கிடக்கிறது. ஒரே ஆள் பல ஊர் மடைகளைப் பார்க்க வேண்டிய நிலையில், மடையை ஊர்க்காரர்களே கடப்பாரையால் நெம்பித் திறக்கிறார்கள். அப்படித் திறந்த மடை திரும்ப மூடுவதில்லை.

பராமரிப்புக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சம்பளத்துக்கும் வட்டிக்கும் போக மிச்சமிருப்பதைப் புதுத் திட்டங்களுக்குக் கொடுக்கத்தான் எந்த அரசும் விரும்பும். அதற்கான பதிலைத் திருச்சி அருகே உள்ள முக்கொம்பு சொல்கிறது. அங்கே 1836-ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. வயதான கட்டுமானம் என்றது அரசு. மணல் அள்ளியதால் அடித்தளம் வலுவிழந்தது என்றார்கள் விவசாயிகள். எந்தக் காரணத்தை ஏற்றாலும், அது முன்கூட்டியே பார்த்துச் சொல்லியிருக்க வேண்டிய காரணம்தான். பிறகு அங்கே ரூ.387 கோடி மதிப்பில் புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று. ஆண்டுப் பராமரிப்பில் மிச்சம் பிடிக்கும் பணம் இப்படி ஒரே இரவில் பல மடங்காகத் திரும்பக் கேட்கப்படுகிறது. புதிதாகக் கட்டினால் கவலையில்லை என்ற நம்பிக்கையையும் தளவானூர் தகர்த்துவிட்டது. விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணையின் குறுக்கே 2020-ல் ரூ.25 கோடிக்குமேல் செலவிட்டுக் கட்டிய தடுப்பணை, 2021 ஜனவரியில் ஒரு பக்கம் உடைந்தது. நவம்பர் வெள்ளத்தில் கரை அரிக்கத் தொடங்கியபோது, எஞ்சிய பகுதியை அரசே வெடிவைத்துத் தகர்த்தது. கட்டி முடித்த தேதியோடு வேலை முடிந்துவிட்டது என்று கருதும் ஒரு முறையில், பழையதும் சரி புதியதும் சரி, பாதுகாப்பில்லாமல்தான் நிற்கும்.

இரண்டாவது மறுப்பு, எல்லாவற்றையும் அரசே செய்ய வேண்டுமா, ஊரார் கூடி ஏரியையும் வாய்க்காலையும் பராமரிக்கும் குடிமராமத்து நம் மரபுதானே என்பது. மரபுதான். ஆனால், 1858-ல் ஆங்கிலேய அரசு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டும் அதை உயிரோடு வைத்திருக்க முடியவில்லை. ஊரிடமிருந்து தண்ணீரின் மீதான அதிகாரத்தை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் கேட்டால் ஊர் வராது. 2000-ல் விவசாயிகளின் பாசன மேலாண்மைச் சட்டம் வந்தது. 2017-ல் குடிமராமத்து என்ற பெயரிலேயே திட்டம் வந்து, முதல் கட்டமாக ரூ.100 கோடி ஒதுக்கப்பட்டது. விவசாயிகள் சங்கம் உண்மையில் இயங்கிய ஊர்களில் நல்ல பலன் கிடைத்தது. சங்கம் பெயரளவில் மட்டும் இருந்த ஊர்களில் சங்கத்தின் பெயரில் ஒப்பந்ததாரரே வேலை பார்த்ததாகப் புகார்கள் எழுந்தன. ஆகவே ஊரைச் சேர்த்துக்கொள்வது நல்லது. ஊரின் தோளில் ஏற்றிவிட்டுத் துறை விலகுவது நல்லதல்ல. லஸ்கர் எதற்கு, தானியங்கி மதகும் சென்சாரும் போதுமே என்று சொல்பவர்களுக்கும் இதையே சொல்வேன். மேட்டூருக்கும் கல்லணைக்கும் அவை பயன்படும். டி வாய்க்காலில் அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையைச் சென்சார் எடுத்துப் போடாது.

துறை தன்னைத் திருத்திக்கொள்ள முயலவே இல்லை என்று சொல்வது அநியாயம். அரைகுறை ஆள்பலத்தோடு வெள்ள நாட்களில் தூங்காமல் நிற்கும் உதவிப் பொறியாளர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். கட்டடங்களிலிருந்து நீரைப் பிரித்துத் தனித் துறை அமைத்தது தேவையான முடிவு. ஆனால், ஒரு முரண்பாடு அப்படியே தொடர்ந்தது. 2003-ல் ஆற்று மணல் குவாரிகளைப் பொதுப்பணித் துறையே ஏற்று நடத்தத் தொடங்கியது முதல், ஆற்றைக் காக்க வேண்டிய கையே மணலை விற்கும் கையாகவும் ஆனது. ஆற்றுப்படுகை இறங்கினால் வாய்க்கால் தலைப்பு மேட்டில் நின்றுவிடும்; எவ்வளவு தூர்வாரினாலும் தண்ணீர் ஏறாது. மணல் விற்பனையை இந்தத் துறையிடமிருந்து முழுதாகப் பிரித்தெடுப்பது, புதிய தடுப்பணை பத்துக் கட்டுவதைவிட அதிகப் பலன் தரும்.

தூர்வாரும் பணிக்கான நிதியை இரண்டு நிதியாண்டுகளுக்குச் சேர்த்து ஒதுக்கினால், அறுவடை முடிந்த பிப்ரவரியிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், நிதித் துறையின் ஒரு உத்தரவு போதும். காலியாக உள்ள லஸ்கர் பணியிடங்களை அந்தந்தப் பகுதிக்காரர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, ஒவ்வொரு பி, சி வாய்க்காலின் கடைசி மடையிலும் தண்ணீர் வந்த தேதி, நின்ற தேதி, பாய்ந்த ஏக்கர் ஆகியவற்றைக் குறித்து, அணை நீர்மட்டத்தோடு சேர்த்துத் துறை வெளியிட வேண்டும். ஒப்பந்ததாரரின் கடைசித் தவணையை அந்தத் தேதியோடு கட்டிவைக்க வேண்டும். அதிகாரிகள் செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. டெல்டாவில் இருக்கும் ஒவ்வொரு விவசாயியிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் வாய்க்காலில் முதல் தண்ணீர் எட்டிப்பார்க்கும் நாளை இந்த ஆண்டே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த குறைதீர் கூட்டத்துக்குப் போகும்போது மனுவோடு அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.