இசைக்கூடத்துக்கு ஒரு திறந்த கருவி

கல்லூரிக்கு இசைக்கருவி வாங்கப் புகுவோர் பெரும்பாலும் கடையிற் கிடைக்கும் மின்னிசைப் பலகையையே நாடுகின்றனர். அதன் இயல்பான அமைப்பு, தானத்தைப் பன்னிரு சமகூறாக வகுத்த மேனாட்டு முறையாகும். 5க்கு 4 என்னும் விகிதத்தில் நிற்க வேண்டிய அந்தரகாந்தாரம் அதிற் சற்று உயர்ந்தே ஒலிக்கும். பண்ணிசை பயிலும் மாணாக்கர் செவி அவ்வொலியையே மெய்யெனக் கொண்டுவிடுமோ என்பது எமது கவலை.

இதற்கு மாற்று உண்டு. பழைய கணினியொன்றில் லினக்ஸை நிறுவி, பதிவுக்கு ஆர்டோரும் ஒலியாக்கத்துக்குச் சின்-அட்-சப்-எவ்எக்ஸும் சேர்த்தால் ஓர் இசைக்கூடம் உருவாகும். வரைபடமும் வெளியிடப்பெற்ற ஆர்டூயினோ அட்டையைக் கொண்டு திருகுவிசைகளை மாணவரே பொருத்தலாம். சுருதி விகிதங்களையும் நாமே எழுதி அமைக்கலாம். யாழ்நூலை 1947இல் அரங்கேற்றிய விபுலாநந்த அடிகள் கணித்துக் காட்டிய எண்களை ஒரு மாணவன் தட்டச்சிட்டு அப்பொழுதே செவியாற் கேட்பானாயின், அதனினும் நல்ல பாடம் யாதுளது?

இடர்ப்பாடு இல்லையென்று கூறோம். கட்டையை அழுத்தியபின் ஒலி பிந்தி எழுதல் பெருங்குறை. செக்கனுக்கு 48,000 மாதிரிகள் என்னும் வேகத்தில், இடைத்தேக்கம் 1,024 மாதிரிகளாயின் 21 மில்லிசெக்கன் பிந்தும். 128 ஆயின் 3க்கும் குறையும். ஆனால், கணினி திணறி ஒலி சிதறவுங்கூடும். பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவர் வேண்டும்.

இலவசம் என்பதற்காக இதனைப் போற்றுவாரும் உளர், யாம் அக்கட்சியினரல்லேம். திறந்து பார்க்கவும் திருத்தவும் உள்ள உரிமையே எமக்குப் பெரிது. பழைய மாணவர் சங்கத்தார் விழா நிதியில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குக. ஒலிவாங்கியை மட்டும் நல்லதாகக் கடையில் வாங்குக. அதிற் சிக்கனம் பாராட்டற்க.